இப்பதான் சேர்ந்தேன், சார்

என் பணியட்டையில் அச்சிட்டிருக்கும் தேதியை நம்பினால், நான் இந்த ஆலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அட்டை சென்ற தை மாதம் கொடுத்தது. அதற்கு முந்தைய அட்டையில் வேறொரு தை. அதற்கும் முன்னால் ஒரு புரட்டாசி. முதல் அட்டையில் இருந்தது மட்டும்தான் உண்மையான நாள். சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த பெருமழை வந்த ஆண்டின் ஆவணி மாதம், திங்கட்கிழமை, காலை ஷிப்ட். மழை அதற்குப் பிறகு கார்த்திகையில் வந்தது. ஆகவே மழைக்கு முன்பே நான் இங்கே இருந்தேன்.

நாட்களை நினைவில் வைத்திருப்பது எனக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே உள்ள பழக்கம். உறவில் யாருக்கு எந்த மாதம் கல்யாணம், யார் எந்தக் கிழமையில் இறந்தார், எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எப்போது வந்தது என்றெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். செவ்வாப்பேட்டையிலிருந்து திருவள்ளூருக்கு ரயில், அங்கிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் தேர்வாய் கண்டிகைக்கு கம்பெனி பஸ் என்று தினமும் போய்வருவதால் படிக்க நேரம் கிடைக்கும். நூலகத்தில் எடுத்த வரலாற்று நூல்களைப் படிப்பேன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு நான்கு சேர்ந்த தேதிகள் இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டுதான். ஆனால் நான் எழுத வந்தது என் தேதிகளைப் பற்றியல்ல, என் மச்சானின் தேதியைப் பற்றி.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஊர். அவருடைய அப்பா காலம் வரை பிறர் நிலத்தில் வேலை. பிறகு அந்த நிலங்களே இல்லாமல் போய், எல்லாரும் ஆலைக்கு வந்தார்கள். வண்டிகளுக்கு வேண்டிய ரப்பர் பாகங்கள் செய்யும் இந்த ஆலைக்கு என்னை அழைத்து வந்தவர் அவர்தான். அவர் ப்ரெஸ்ஸில். அதாவது ரப்பரைச் சூடான அச்சுக்குள் வைத்து அழுத்தும் இயந்திரத்தில். நான் அங்கிருந்து வரும் வளையங்களின் பிசிறை வெட்டி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மேசையில். இருவரும் காண்ட்ராக்ட். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்கு வெளிர்பச்சை. வேலை இரு தரப்புக்கும் ஒன்று. சில நாட்களில் நீலச் சட்டைக்காரர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே மச்சான்தான்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் மாறுவார். கேட் பக்கத்துப் பலகையில் பெயர் மாறும். நாங்கள் சில நாள் வீட்டில் இருப்போம். பிறகு போன் வரும். புதுப் பெயருக்குக் கீழே, புது அட்டையோடு, அதே மேசைக்கும் அதே ப்ரெஸ்ஸுக்கும் திரும்புவோம். அட்டையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் அந்த வாரத்துத் தேதி இருக்கும். பி.எஃப். கணக்கும் காண்ட்ராக்டருக்கு ஒன்றாகத் துண்டு துண்டாகக் கிடக்கும்.

கார் கம்பெனிகளிலிருந்து ஆடிட் வரும் நாட்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் எங்களுக்குப் புதுச் சட்டை கொடுப்பார். மடிப்புக் கலையாத, கஞ்சி வாசனை போகாத சட்டை. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சட்டையோடு ஒரு வாக்கியத்தையும் கொடுப்பார்.

"யாரு கேட்டாலும், இப்பதான் சேர்ந்தேன் சார், ட்ரெய்னிங்ல இருக்கேன். அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது."

காரணம் எங்களுக்குத் தெரியும். ஒரே ஆளைப் பல ஆண்டுகளாகக் காண்ட்ராக்டில் வைத்திருக்கிறார்கள் என்று வெளியே தெரியக் கூடாது. ஆடிட்டர்கள் மட்டுமல்ல, அரசு அதிகாரிகள் யார் வந்தாலும் இதே சட்டை, இதே வாக்கியம். பயிற்சி அறையில் ஒரு நீள மேசை, தண்ணீர் பாட்டில், கோப்பு, கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே போனைப் பார்ப்பதுபோல் சூப்பர்வைசர் நிற்பார். உள்ளே போய் உட்கார்ந்து, கேட்டதற்குச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

மச்சான் இதில் கெட்டிக்காரர். எங்களில் பலர் திக்குவோம். ஒருவன் பயத்தில் தன் பெயரையே மாற்றிச் சொல்லியிருக்கிறான். மச்சான் உட்கார்ந்த வேகத்தில் சொல்லிவிடுவார். ஒருமுறை ஓர் ஆடிட்டர் அவருடைய தலையைப் பார்த்து, இந்த வயதில் ட்ரெய்னிங்கா என்று சிரித்தாராம்.

"சூடு சார். ப்ரெஸ் பக்கத்துல நின்னா பொறந்த கொழந்தைக்கே நரைச்சிடும்," என்றார் மச்சான்.

ஆடிட்டரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இந்தப் பதிலும் வாக்கியத்தின் பின்பகுதியாகச் சேர்ந்துகொண்டது. கேன்டீனில் பையன்கள் மச்சானைச் சூழ்ந்துகொண்டு அதைச் செய்துகாட்டச் சொல்வார்கள். "டப்பு எடு நைனா, சும்மா காட்ட முடியாது," என்று கையை நீட்டிவிட்டுச் செய்துகாட்டுவார். தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்சம் குனிந்து, அப்பாவியாகச் சிரித்துக்கொண்டு. நாங்கள் சாப்பாடு புரையேறச் சிரிப்போம்.

அந்த வாக்கியம் ஆலைக்கு வெளியிலும் எங்களோடு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. நாங்கள் குடியிருக்கும் தெருவில் புதிதாக அடுக்குமாடி வந்தது. அதில் குடியேறிய ஓர் அம்மாள், காய்கறி வண்டிக்கருகே நின்றபோது, நீங்கள் எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். இப்போதுதான் வந்தோம் என்றேன். மனைவி பக்கத்திலேயே நின்றாள். வீட்டுக்குள் வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எட்டு வருசமா இங்க குடித்தனம் பண்ணிக்கினு இப்பதான் வந்தோம்ன்றீங்க. நாளைக்கு என்னியக் காட்டி இது யாருன்னு கேட்டா, இப்பதான் கட்டிக்கினேன்னு சொல்வீங்களா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் ரேஷன் கார்டு இன்னும் திருத்தணிப் பக்கம் என் அப்பா வீட்டு முகவரியிலேயே இருந்தது. ஓட்டும் அங்கேதான். செவ்வாப்பேட்டையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, இது யாரோ வேறு ஆட்களின் விஷயம் என்பதுபோல் மொட்டைமாடியிலிருந்து வேடிக்கை பார்த்தேன். தெருவில் கழிவுநீர் தேங்கினால் மனு எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, கையெழுத்தை மட்டும் மற்றவர்களைப் போடச் சொல்லிவிடுவேன். கேட்டால், நான் புதிதுதானே என்பேன். யாரும் என்னை விரட்டவில்லை. நானே வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சொல்லும் எண்ணமும் ஒருவருடைய வாழ்க்கையை உருவாக்கும் என்று பல நூல்களில் பல விதமாகப் படித்திருக்கிறேன். படிக்கும்போது தலையாட்டியும் இருக்கிறேன். அந்த நூல்களில் எல்லாம் மனிதர்கள் தங்கள் சொற்களைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல. எங்கள் சொல் அப்படி வந்ததல்ல. சட்டையோடு சேர்த்து எங்கள் கையில் கொடுத்தார்கள். சாயங்காலம் சட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். சொல்லைத் திருப்பிக் கொடுக்கும் இடம் எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஆலைக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. புது உற்பத்தி லைன் வரப் போகிறது, பொங்கலுக்குப் பிறகு காண்ட்ராக்டர் மாறும்போது ஐம்பதைத் தாண்டியவர்களைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று. யாரும் எழுத்தில் சொல்லவில்லை. ஆனால் சூப்பர்வைசர் எங்கள் ஆதார் நகல்களை இன்னொரு முறை வாங்கிக்கொண்டார். மச்சான் ஐம்பதைத் தாண்டியிருந்தார். இத்தனை ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் அவரை வெளியே அனுப்ப முடியாது. ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால் தை மாதம் அவருக்குப் போன் வராது. அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் சிலர் சேர்ந்து திருவள்ளூரில் ஒரு வழக்கறிஞர் அம்மாவைப் பார்த்தோம். தேதிகளை நான் சொன்னேன். யார் எந்த மாதம் சேர்ந்தார், எந்த இடைவெளியில் எத்தனை நாள் வீட்டில் இருந்தோம் என்று எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்கள் கையில் இருக்கும் காகிதமெல்லாம் நீங்கள் புதிய ஆட்கள் என்றுதான் சொல்கிறது என்றார். தொழிலாளர் துறையில் மனு கொடுப்போம், அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார், அப்போது நீங்கள் ஒவ்வொருவரும் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்.

"உங்க வாய்தான் உங்களுக்கு ஆதாரம். அத மறந்துடாதீங்க."

ஆடியில் மனு கொடுத்தோம். கார்த்திகையில் அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது. அந்த இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக்குப் பதில் என் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அதிகாரியாகிவிடுவாள்.

"சொல்லுங்க பெரியவரே, எத்தினி வருசமா வேல செய்யறீங்க?"

மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடி ஆரம்பிப்பார். பெருமழைக்கு முந்தைய ஆண்டு ஆடி மாதம் வந்தது. அப்போது ஆலை கட்டி முடியவில்லை. சுவர் இருந்தது, கூரை இல்லை. கூரைத் தகடுகளைக் கீழிருந்து தூக்கிக் கொடுத்த ஆட்களில் அவரும் ஒருவர். கட்டட வேலை முடிந்ததும், இயந்திரம் இறக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். இறக்கிய இயந்திரத்தில் வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். முதல் ப்ரெஸ்ஸுக்குத் தேங்காய் உடைத்தவர், அந்தத் தேங்காய் அழுகலாக இருந்தது, மறுநாள் இன்னொன்று வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் உடைத்தது என்று கதை நீண்டுகொண்டே போகும்.

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுண்ணா. தேங்காயெல்லாம் அவரு எழுதிக்கினு இருக்க மாட்டாரு," என்பாள் மனைவி.

"எழுதட்டுமே. எவ்ளோ நாளா மனசுல வெச்சிகினு இருக்கேன்."

எனக்கு நம்பிக்கை வந்தது. தேதி அவருக்குப் பிசகவே இல்லை. நான் ஒருமுறைகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி வந்தது ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை. கேட்டுக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் சட்டைகளை நீட்டினார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எந்த அதிகாரி வந்தாலும் சட்டை வரும். அன்று அவர் வாக்கியம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மச்சான் சட்டையைப் பிரித்து மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார். ஆடிட் நாட்களில் அப்படித்தான் போடுவார்.

பயிற்சி அறையில்தான் விசாரணை. மழையால் நேரமாகிவிட்டதால் இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். நானும் மச்சானும் சேர்ந்து போனோம். சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க என்றார். அதே மேசை, அதே தண்ணீர் பாட்டில். அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். நனைந்த குடை நாற்காலிக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எழுதி எழுதி அவர் கை சோர்ந்திருந்தது தெரிந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே மச்சானின் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு கேட்டார்:

"எவ்வளவு நாளா இங்க வேல செய்யறீங்க?"

மச்சான் தலையைச் சொறிந்தார். கொஞ்சம் குனிந்தார்.

"இப்பதான் சார் சேந்தேன். ட்ரெய்னிங்ல இருக்கேன்."

நான் மேசைக்கடியில் என் முழங்காலால் அவர் காலை இடித்தேன். அவர் காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்தி, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"இப்பதானா? தலையெல்லாம் நரைச்சிருக்கே."

"சூடு சார். ப்ரெஸ் பக்கத்துல நின்னா பொறந்த கொழந்தைக்கே நரைச்சிடும்."

அப்பாவியாகச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதினார். நான், சார் அவர் வந்து, என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைத் தூக்கி என்னை நிறுத்தினார். உங்கள் முறை வரும், அவருடையதை அவரே சொல்லட்டும் என்றார். எழுதி முடித்ததும், கையெழுத்து வாங்கும் முன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி, வேகமாகப் படித்தார். நான் சமீபத்தில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன், தற்போது பயிற்சியில் உள்ளேன்.

மச்சானின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கழன்றது.

"அது நான் சொல்லல சார்."

"இப்பதான் சொன்னீங்க. ட்ரெய்னிங்னும் சொன்னீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நான் அப்டியா சொன்னேன்?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பாக்கெட்டில் கையை விட்டு, வைத்த பொருள் இல்லாமல் வேறொருவருடைய பொருளைத் தொட்டவர்போல் இருந்தார்.

சரி, இப்போது சொல்லுங்கள் என்றார் அதிகாரி. எரிச்சல் இல்லை, காத்திருந்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொன்ன கதை அது. தேங்காய்வரைக்கும் சொன்ன கதை. மச்சான் வாயைத் திறந்தார், மூடினார். கண்ணாடிக் கதவைப் பார்த்தார். வெளியே சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் எல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள் என்றார் மச்சான். உங்களுடையதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி மறுபடியும். பிறகு மச்சான் அண்ணாந்து பார்த்தார். அறைக்குமேல் இப்போது வெள்ளைப் பலகைகளால் மூடிய உட்கூரை.

"இதுக்கு மேல தகடு இருக்குது சார். அத போடறப்ப வந்தேன். கீழ நின்னுகினு நான்தான் தூக்கிக் குடுத்தேன்."

"எந்த வருஷம்?"

"மழ வந்துச்சே, அதுக்கு முந்தின வருஷம். ஆடி மாசம்."

அதிகாரி அதையும் எழுதினார். எழுதி முடித்துப் படித்தார். முதலில் சமீபத்தில் சேர்ந்ததாகவும், பின்னர் கட்டடம் கட்டும் காலத்திலேயே வந்ததாகவும் கூறினார் என்று இருந்தது.

"முதல்ல சொன்னத அடிச்சிடுங்க சார்."

"அடிக்க முடியாது பெரியவரே. சொன்னது சொன்னதுதான். ரெண்டும் இருக்கட்டும்."

மச்சான் கையெழுத்துப் போட்டார். அடுத்தது என் முறை. என்னிடமும் அதே கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் பார்த்த எனக்கும், பதில் சொல்ல வாயெடுத்தபோது, அந்த வாக்கியம்தான் முதலில் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விலக்கிவிட்டு ஆவணி, திங்கட்கிழமை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அது ஒரே வாக்குமூலமாக, நேராக, ஒரு பக்கத்தில் முடிந்தது.

அன்று மதியம் பையன்கள் கேன்டீனில் வழக்கம்போல் செய்துகாட்டச் சொன்னார்கள்; மச்சான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சாயங்காலம் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் நிற்கும்போதுதான், வாய் தன்பாட்டுக்குப் போய்விட்டது, அது போனது தனக்குத் தெரியவே இல்லை என்று என்னிடம் சொன்னார். பிறகு, அந்தச் சூப்பர்வைசர் திட்டிச் சொல்லச் சொல்லியிருந்தால்கூட உஷாராக இருந்திருப்பேன், அவன்தான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றார்.

பொங்கலுக்குப் பிறகு காண்ட்ராக்டர் மாறினார். எனக்குப் போன் வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களுக்கும் வந்தது. நேரான வாக்குமூலம் கொடுத்தவர்களை விசாரணை முடியும்வரை தொடக் கூடாது என்று ஆலைக்குத் தெரிந்திருந்தது. மச்சானுடைய வாக்குமூலம் கூடுதல் விசாரணைக்கு உரியது என்று தனியாகப் பிரிக்கப்பட்டது. அவருக்குப் போன் வரவில்லை. ஒரு வாரம் அவர் போனை சார்ஜிலேயே வைத்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். நான் போய்ப் புது அட்டை வாங்கிக்கொண்டேன். அதில் இருக்கும் தேதி பொய் என்று தெரிந்தே, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் கேட்டுக்குள் விட மாட்டார்கள். உள்ளே இல்லாவிட்டால், உள்ளே இருந்தேன் என்பதை எப்படி நிரூபிப்பது என்று வழக்கறிஞர் அம்மாவும் கேட்டார். தினமும் காலையில் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். நான் வாயால் மறுத்ததை என் நெஞ்சின் மேல் அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

மச்சானின் ப்ரெஸ்ஸில் இப்போது ஒரு பையன் நிற்கிறான். உண்மையாகவே புதியவன். அவனிடமிருந்து வரும் வளையங்களில் பிசிறு அதிகம். அவனைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மச்சான் கவரைப்பேட்டையில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பகல் காவல் போகிறார். சில நாள் போவதில்லை. வீட்டில் இருந்தால் பேஜாரா இருக்குது, அங்கே போனாலும் பேஜாராத்தான் இருக்குது என்று தங்கையிடம் போனில் சொல்கிறார்.

பங்குனியில் கூடுதல் விசாரணைக்கு நோட்டீஸ் வந்தது. திருவள்ளூர் அலுவலகத்தில், அவர் ஒருவர் மட்டும். முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி பழைய நினைவில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வேணாம்மா. ஒத்திகை பாத்தா அதுவும் ஆடிட் மாதிரி ஆயிடுது."

அவள் நாற்காலியைத் திரும்ப நகர்த்திவிட்டு, அதன்பிறகு வெகுநேரம் சமையலறையிலேயே இருந்தாள். காலையில் அவர் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் லீவ் போட்டிருந்தேன். நாஷ்டா வேண்டாம் என்றவரை மனைவி இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்தாள். ரயிலில் புட்லூர் தாண்டும்வரை அவர் நோட்டீஸையே படித்துக்கொண்டிருந்தார். பிறகு, அங்கே கதவு கண்ணாடியா மரமா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

மரக்கதவுதான். அவர் உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கையில் புத்தகம் இருந்தது, ஒரு பக்கமும் நகரவில்லை. உள்ளே அவர் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. குரல் நிற்காமல் போனது, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பிளாட்பாரத்துக்கு நடந்து வந்தோம். உத்தரவு அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை; சித்திரை பிறந்துவிட்டது. அது எப்படி வரும் என்று வழக்கறிஞர் அம்மாவாலும் சொல்ல முடியவில்லை. முன்பு இரண்டு வாக்குமூலம் இருந்தது, இப்போது மூன்று என்கிறார்.

பிளாட்பாரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மச்சான் சொன்னார்:

"எல்லாத்தியும் சொல்லிட்டேன் மாப்ள. தகடு, மழ, ஆடி மாசம், ஒண்ணு விடல."

நல்லது என்றேன்.

"ஆனா சொல்ல சொல்ல, பொய் சொல்ற மாதிரியே இருந்திச்சு. வேர்த்துட்டுது. இப்பதான் சேந்தேன்னு சொல்றப்ப ஒரு நாளும் அப்டி இருந்ததில்ல."

அவர் பாட்டிலை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லு. நான் எப்ப சேந்தேன்?"

நான் சொன்னேன். பெருமழைக்கு முந்தைய ஆண்டு ஆடி மாதம். கூரை இல்லாத சுவர்கள். அவர் கீழே நின்று தகடு தூக்கிக் கொடுத்தது. இயந்திரம் இறங்கியது, முதல் ப்ரெஸ், அழுகிய தேங்காய், மறுநாள் வாங்கி வந்த நல்ல தேங்காய். மறு ஆண்டு ஆவணியில் என்னை அழைத்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றப் போனவனை இது கோயில் இல்லை என்று சொன்னது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார், யாரோ தெரிந்தவர் ஒருவரைப் பற்றிய செய்தியைக் கேட்பதுபோல. முடித்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். செவ்வாப்பேட்டை பக்கம் போகும் ரயில் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை. நான் மறுபடியும் ஆடி மாதத்திலிருந்து தொடங்கினேன்.